நாடா வெட்டியாச்சு, இனி ஆர் பார்க்கிறது?

எங்கட பல்கலைக்கழகங்களில் மூன்று நாலு வருசத்துக்கு ஒருக்கால் ஒரு சின்னத் திருவிழா நடக்கும். பீடத்துக்குப் புது இணையத்தளம். குத்துவிளக்கு ஏற்றுவார்கள். பிரதம விருந்தினர் மடிக்கணினியில் ஒரு பொத்தானை அமத்துவார். திரையில் பெரிய படம் ஒன்று நகரும், எல்லாரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலின் படம் அன்றிரவே தளத்தில் முதல் செய்தியாக ஏறும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கோ. முதல் செய்தியாக இன்னமும் அதுதான் கிடக்கும்.

எல்லாப் பீடங்களிலும் நடக்கிற கதைதான் இது. ஆனால் மருத்துவம், தாதியியல், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூடம், இயன்மருத்துவம், சித்த மருத்துவம் என்று சுகாதாரம் படிப்பிக்கிற பீடங்களில் நடக்கும்போது அதை 'ஐரி ஆக்களின் பிரச்சினை' என்று விட்டுவிட முடியாது. அந்தத் தளங்களைத் தேடி வருகிற ஆக்கள் வேறு. அவர்களுக்குப் போகிற நட்டமும் வேறு.

என் வாதம் எளிது. எங்களுக்குப் புதுத் தளங்கள் தேவையில்லை. இருக்கிற தளத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், அந்த ஆளுக்குச் சம்பளம், அந்த வேலைக்கு ஒரு பொறுப்பு, இவைதான் தேவை. இதைச் செய்யாமல் திரும்பத் திரும்பத் தளம் கட்டுகிற நிர்வாகம், கூரை ஒழுகுகிறது என்று சொன்னால் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற நிர்வாகம்.

ஆர் வந்து பார்க்கினம்?

முதலில் வருவது உயர்தரம் எழுதிய பிள்ளை. உயிரியல் பிரிவு. இசட் புள்ளி வந்துவிட்டது, மருத்துவத்துக்குக் காணாது. இனி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பார்த்து, கற்கைநெறிகளை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். எந்த வரிசையில் எழுதுகிறதோ அது அந்தப் பிள்ளையின் வாழ்க்கை. கைநூலில் ஒரு கற்கைநெறிக்குக் கொஞ்ச வரிதான் இருக்கும். மிச்சத்தை எங்கே பார்ப்பது? மருத்துவமனைப் பயிற்சி எந்த ஊரில்? விடுதி உண்டா? படித்து முடித்தபின் தொழில் பதிவு எங்கே? அதைச் சொல்ல வேண்டியது பீடத்தின் தளம்.

யாழ்ப்பாண நகரத்தில் அல்லது கொழும்பில், வீட்டில் ஒரு டொக்டர் இருக்கிற பிள்ளைக்கு இந்தத் தளம் தேவையில்லை. மாமாவிடம் கேட்கும், மாமாவின் பச்மேட்டிடம் கேட்கும். ஹற்றனில், முல்லைத்தீவில், மன்னாரில் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கம்பஸ் போகிற பிள்ளைக்கு மாமா இல்லை, தளம்தான் இருக்கு. அதில் 3 வருடத்துக்கு முந்திய பாடத்திட்டம், இடமாற்றம் பெற்றுப்போன விரிவுரையாளரின் பெயர், அடித்தால் வேலை செய்யாத தொலைபேசி இலக்கம்.

இந்த நாட்டில் பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறோம். அந்தப் பங்கீடு சரியா பிழையா என்று அரை நூற்றாண்டாக அடிபடுகிறோம். ஆனால் வெட்டுப்புள்ளி தாண்டியபின் தகவல் கிடைப்பதிலும் ஒரு பங்கீடு இருக்கு. அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. பழைய தகவலோடு கிடக்கும் ஒரு பக்கம் ஆள் தெரிந்தவனுக்குச் சாதகம், தெரியாதவளுக்குப் பாதகம். அதைப் புதுப்பிக்காமல் விடுகிறவர் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறார், அவருக்கு அது தெரியாவிட்டாலும்.

இரண்டாவதாக வருவது வேலை செய்யும் தாதி, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், மருந்தாளர். மேற்படிப்புக்கு எப்போது விண்ணப்பம் கோருவார்கள் என்று பார்க்க வருகிறார். இரவுக் கடமை முடித்து, கைத்தொலைபேசியில், மிஞ்சிய டேட்டாவில். முடிவுத்திகதி கழிந்து நாலு நாளுக்குப் பிறகு அறிவித்தல் ஏறினால் அவருக்கு ஒரு வருடம் போச்சு.

மூன்றாவது ஆளைப் பற்றித்தான் எனக்குக் கூடக் கோபம். ஆய்வில் பங்குபற்றியவர். எங்கள் ஊர்களில் எத்தனை ஆய்வுகள் நடந்திருக்கின்றன என்று யோசியுங்கோ. போருக்குப் பின்னான மனவடு, சிறுநீரக நோய், நீரிழிவு, தாய்சேய் நலம். மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் கேள்விக்கொத்து நிரப்புகிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள். சம்மதப் படிவத்தோடு ஒரு தகவல் தாளும் கொடுக்கிறார்கள். 'இந்த ஆய்வு பற்றி முறைப்பாடு இருந்தால் ஒழுக்கநெறிக் குழுவைத் தொடர்புகொள்ளவும்' என்று அதில் இருக்கும். நல்லது. அந்த அம்மா தாளைத் தொலைத்துவிட்டார் என்று வையுங்கள். மகள் தளத்தில் தேடுகிறாள். ஒழுக்கநெறிக் குழுவின் பக்கம் இருக்கு. உறுப்பினர் பட்டியல் பழசு. விண்ணப்பிக்கும் ஆய்வாளருக்கான படிவங்கள் வரிசையாக இருக்கு. பங்குபற்றியவருக்கு ஒரு வரி இல்லை. தமிழில் ஒரு எழுத்து இல்லை.

மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு உலகம் முழுக்க அடிப்படையாக எடுக்கிற ஹெல்சிங்கி பிரகடனம், ஆய்வின் முடிவுகளை வெளியிடுவது ஆய்வாளரின் கடமை என்று சொல்கிறது. பொதுவான பெறுபேறுகளை அறியும் வாய்ப்பைப் பங்குபற்றியவருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் பீடங்களில் அந்தப் பிரகடனத்தைப் பாடமாகவே படிப்பிக்கிறார்கள், சோதனைக்குக் கேள்வியாகவும் வருகிறது. அதே பீடத்தின் தளத்தில், ஊராரின் இரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு ஊராரின் மொழியில் இரண்டு பந்தியாவது கிடக்கா? ஆங்கில ஆய்விதழில் வந்த கட்டுரையின் இணைப்புக் கிடக்கும். அதைத் திறந்தால் காசு கேட்கும்.

'கற்பித்தல் மொழி ஆங்கிலம்தானே'

தமிழில் ஏன் இல்லை என்று கேட்டால் உடனே வரும் பதில் இது. இந்தப் பதிலைக் கொஞ்சம் நோண்டிப் பார்க்க வேண்டும். கற்பித்தல் மொழி என்பது வகுப்பறைக்குள் இருப்பவர்களுக்கு. இணையத்தளம் வெளியில் நிற்பவர்களுக்கு. இன்னும் உள்ளே வராத பிள்ளைக்கு, அந்தப் பிள்ளையின் தாய்தகப்பனுக்கு, நோயாளிக்கு, ஆய்வில் பங்குபற்றியவருக்கு. உயர்தரத்தைத் தமிழில் எழுதிய பிள்ளையிடம், கம்பஸ் வர முன்னமே கம்பஸ் ஆங்கிலத்தில் வாசி என்று சொல்வது என்ன நியாயம்?

1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது. தென்னிலங்கையில் ஒரு அமைச்சுப் பெயர்ப்பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் படம் எடுத்துப் போட்டுச் சண்டை பிடிக்கிறோம், பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் தமிழர்கள் நடத்துகிற, தமிழ் ஊரில் இருக்கிற நிறுவனத்தின் தளத்தில் 'தமிழ்' என்ற பொத்தானை அமத்தினால் வெறும் பக்கம் வருகிறதே, அதற்கு ஆரோடு சண்டை பிடிப்பது? சில இடங்களில் இயந்திர மொழிபெயர்ப்பைப் பூட்டிவிட்டு 'மும்மொழித் தளம்' என்று அறிக்கையில் எழுதுகிறார்கள். மருந்து, நோய், கிளினிக் நேரம் பற்றிய ஒரு வசனத்தை ஒருவரும் வாசித்துப் பார்க்காமல் இயந்திரம் சொன்னபடியே போடுவது மும்மொழிக் கொள்கை இல்லை, அசட்டை.

தமிழில் போடுகிற கொஞ்ச அறிவித்தலும் எப்படிப் போடப்படுகிறது? காரியாலயத்தில் இன்னமும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், கண்ணுக்குத் தெரியும் உருவம் மட்டும் தமிழ். அதைப் பிடிஎஃப் ஆக்கிப் போட்டால் கூகுளில் தமிழில் தேடுபவருக்கு அகப்படாது. பிரதி எடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். இல்லாவிட்டால் இன்னும் மோசம்: அச்செடுத்து, கையொப்பமும் முத்திரையும் வைத்து, சாய்வாக ஸ்கேன் பண்ணிப் படமாகப் போடுவது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அந்தப் பக்கம் ஒரு வெறும் படம். சுகாதாரம் படிப்பிக்கிற, மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிக் கருத்தரங்கு வைக்கிற பீடம் இது. வலையுள்ளடக்கம் எல்லாரும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற உலக வழிகாட்டியின் முதல் பதிப்பு 1999இல் வந்தது. இன்றைக்கு முதலாம் வருடம் படிக்கிற பிள்ளைகளை விட அதற்கு வயசு கூட.

வேலை ஆருடையது?

இனி உள்ளே போவோம். ஒரு சுகாதார பீடத்தின் தளத்தை ஒரு வருடத்துக்கு மேல் கையில் வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். காகிதத்தில் 'இணையத்தளக் குழு' என்று ஒன்று இருக்கும். ஏழெட்டு விரிவுரையாளர்களின் பெயர் இருக்கும். உண்மையில் வேலை செய்வது ஒரு ஆள். அனேகமாக ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு தற்காலிக உதவி விரிவுரையாளர், அல்லது 'கொம்பியூட்டர் கொஞ்சம் தெரியும்' என்று பிடிபட்ட ஒரு மாணவன். நியமனக் கடிதத்தில் அந்த வேலை இராது. நேரம் ஒதுக்கமாட்டார்கள். கடவுச்சொல் வாட்ஸ்அப்பில் கைமாறும்.

இரவு பத்தரைக்கு மெசேஜ் வரும். "தம்பி, இந்தப் படங்களை உடன போட்டுவிடுங்கோ, நாளைக்கு விசி பார்ப்பார்." முப்பத்திரண்டு படம். பொன்னாடை, பூமாலை, குழுப்படம். அதே வாரம் இரண்டாம் வருடப் பரீட்சை நேரசூசி மாறியிருக்கும், அது ஒருவரும் அனுப்பமாட்டார்கள். ஒரு பேராசிரியரின் பெயருக்கு முன்னால் பட்டம் ஒன்று விடுபட்டால் பத்து நிமிடத்தில் தொலைபேசி வரும். மாணவர் ஆலோசகரின் இலக்கம் மாறி ஒரு வருடமானாலும் ஒரு தொலைபேசி வராது. எது அவசரம் என்று நிறுவனம் நினைக்கிறது என்பதை அறிய வேண்டுமென்றால் அதன் தளத்தைப் பார்த்துக்கொள்கிறவரின் வாட்ஸ்அப்பைப் பார்த்தால் போதும்.

பகிடிவதைக்கு எதிராக 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. புதுமுக மாணவர்களுக்கு முதல் வாரத்தில் அதைப் பற்றி உரை நடக்கும். முறைப்பாட்டுக்கு ஆரை அழைப்பது என்ற பக்கத்தில் பழைய இலக்கம் கிடந்தால் அந்த உரையால் என்ன பிரயோசனம்?

பிறகு அந்தத் தற்காலிக உதவி விரிவுரையாளரின் ஒப்பந்தம் முடியும். அவர் போவார், கடவுச்சொல்லும் போகும். தளம் அவருடைய சொந்த ஜிமெயிலில் பதிந்திருக்கும். ஒரு வருடம் அப்படியே கிடக்கும். பிறகு ஒரு கூட்டத்தில் ஆரோ எழும்பிச் சொல்வார்: "எங்கட வெப்சைட் சரியில்லை, புதுசாச் செய்வம்." கேள்விமனு கோருவார்கள். மறுபடி குத்துவிளக்கு.

இப்படிக் கிடக்கும் தளம் பழசாக மட்டும் போவதில்லை, ஆபத்தாகவும் போகிறது. அனேகமான தளங்கள் வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளில், பத்து இருபது பிளகின்களை ஏற்றிக் கட்டப்பட்டவை. ஒவ்வொன்றிலும் ஓட்டை கண்டுபிடிக்கப்படும், அடைத்துப் புதுப் பதிப்பு வரும். அதை ஏற்ற ஆளில்லாவிட்டால் ஓட்டை திறந்தபடி கிடக்கும். பல்கலைக்கழக முகவரி என்றால் தேடுபொறிகளும் நம்பும், மனிதர்களும் நம்புவார்கள். அதனால்தான் சூதாட்ட விளம்பரக்காரருக்கு அது நல்ல வேட்டை. இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் என்பவர்கள் 2023ஐ நினைத்துப் பார்க்கட்டும். அரச மேகக்கணிமை மீது கப்பம் கேட்கும் மென்பொருள் பாய்ந்து, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏறத்தாழ 5,000 அரச முகவரிகள். ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் அந்த ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. அந்தக் காலப்பகுதிக்கு மீட்டெடுக்கக் காப்புப் பிரதி இருக்கவில்லை. புதுப்பிக்காமல் விட்டதன் விலை அது.

சாட்டுகள்

'காசில்லை.' 2022க்குப் பிறகு இந்த நாட்டில் காசில்லை என்பது உண்மை. ஆனால் புதுத் தளம் கட்ட மட்டும் எங்கிருந்து வருகிறது? பராமரிப்புக்கு வேண்டியது வாரத்தில் சில மணித்தியாலம், அதற்குரிய கொடுப்பனவு. அதற்கு நாடா வெட்ட முடியாது, அதுதான் சிக்கல். மனம் இருந்தால் இடம் இருக்கும் என்பதற்கு 2020 சாட்சி. கொரோனா முடக்கத்தில் லேர்ன் என்ற பல்கலைக்கழக வலையமைப்பு வழியாக வகுப்புகள் ஸூமில் நடந்தன, மாணவர்களுக்கு டேட்டாக் கட்டணம் இல்லாமல் ஏற்பாடும் செய்தார்கள். அதே ஆக்கள், அதே நாடு.

'பேஸ்புக்கில் போட்டிருக்கிறம்.' பேஸ்புக்கில் எது ஆருக்குத் தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பது பீடாதிபதி அல்ல. போன வருட விண்ணப்ப அறிவித்தலை அங்கே தேடி எடுத்துப் பாருங்கோ, விரல் தேயும். கணக்கு இல்லாதவர் பாதியில் நிற்க வேண்டும். பேஸ்புக் அறிவித்தல் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுகிற சுவரொட்டி. பலகைக்குப் பதிலாக அதை வைக்க முடியாது.

'ஐரி பிரிவு பார்க்கும்.' ஐரி பிரிவு சேர்வரைப் பார்க்கும். தாதியியல் மூன்றாம் வருடப் பயிற்சி எந்த விடுதியில் நடக்கிறது, கிளினிக் செவ்வாயா வியாழனா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உள்ளடக்கம் அந்தந்தத் துறையின் சொத்து, பொறுப்பும் துறைத்தலைவருடையது.

இன்னொரு சாட்டு, வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வெபொமெட்ரிக்ஸ் தரவரிசை. ஜனவரியிலும் ஜூலையிலும் பட்டியல் வெளிவரும். தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றாலும் அப்படித்தான். அதற்குச் சற்று முன் திடீரென்று தளம் உயிர்பெறும், ஆய்வுக் கட்டுரைகள் ஏறும், விரிவுரையாளர் பக்கங்கள் நிரம்பும். முடிந்ததும் திரும்ப நித்திரை. வீட்டுக்கு விருந்தாளி வரும்போது மட்டும் முன்விறாந்தையைக் கூட்டுகிற பழக்கம். வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் தூசு.

என்ன கேட்கிறோம்?

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு விசயம்: பொறுப்பான பதவி எது, கடைசியாகச் சரிபார்த்த திகதி எது. பக்கம் மாறாமல் இருந்தாலும் ஆரோ ஒருவர் வாசித்து 'இது இன்றும் சரி' என்று சொன்ன திகதி. சரிபார்க்க ஆளில்லாத பக்கத்தை அழித்துவிடுங்கள். இருநூறு செத்த பக்கங்களை விட இருபது உயிருள்ள பக்கங்கள் மேல்.

முழுத் தளத்தையும் ஒரே நாளில் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ஐந்து பக்கம் போதும்: அனுமதி, கற்கைநெறிகள், தொடர்பு இலக்கங்கள், முறைப்பாடு, ஆய்வில் பங்குபற்றுபவரின் உரிமைகள். இந்த ஐந்தும் தமிழிலும் சிங்களத்திலும், மனிதர் வாசித்துத் திருத்திய மொழியில், யுனிகோட்டில், எழுத்தாக. ஸ்கேன் படம் கூடவே இருக்கட்டும், முத்திரையில் ஆசையுள்ளவர்களுக்காக.

தளத்தைப் பார்ப்பவருக்கு அது நியமனக் கடிதத்தில் எழுதிய வேலையாக இருக்க வேண்டும். மாணவர் செய்தால் மணித்தியாலக் கணக்கில் கொடுப்பனவு. 'அனுபவம்தானே தம்பி' என்று சொல்லி வேலை வாங்குவதற்குப் பெயர் சுரண்டல். கணக்கு பதவியின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், ஆள் போனால் கையளிப்புப் பத்திரம் இருக்க வேண்டும். காப்புப் பிரதியை எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து தளத்தைத் திரும்ப எழுப்ப முடிகிறதா என்று தவணைக்கு ஒருக்கால் பரீட்சித்துப் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்க எங்களிடம் ஒரு கருவி இருக்கு. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்கள் அதற்குள் அடங்கும். தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் பீடத்தின் இணையத்தளத்தை உருவாக்க எவ்வளவு செலவானது? அதைப் பராமரிக்க எவ்வளவு செலவானது? இன்றைக்கு அதற்குப் பொறுப்பான பதவி எது?

முதல் இரண்டு இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் எழுதிய இவ்வளவும் தேவைப்படாது. மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், அதுவும் பதில்தான். உங்கள் கம்பஸிலிருந்து வருகிற பதிலை இங்கே அனுப்புங்கோ, பெயர் போடாமல் பதிவிடுவோம்.